கொங்கணக் கடலில் குடும்பத்தோடு நீராடல்

புனே நகரம் சகியாத்திரி மலைத்தொடருக்குக் கிழக்கே, ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இந்நகரத்துக் குடும்பங்கள் பள்ளி விடுமுறை வந்ததும் மலையிறங்கிக் கொங்கணக் கரையை நாடுவது வழக்கம். நீராடுவதற்கும், நீருக்குள் நோக்கி மீன்களையும் பவழங்களையும் கண்டு மகிழ்வதற்கும் ஏற்ற இடம் எது, அங்கே நாம் அறிந்திருக்க வேண்டியவை யாவை என்பதை இங்கு ஆராய்வோம்.

அமைதியான கடல் என்றதும் பலர் கரிபியன் தீவுகளை நினைப்பர். அவற்றின் அமைதிக்குக் காரணங்கள் உண்டு. கிழக்கிலிருந்து வீசும் காற்றுக்குத் தீவுகளின் மேற்குக் கரைகள் மறைவாக இருக்கின்றன. பவழப் பாறைகள் அலையை வெளியிலேயே தடுத்து உடைக்கின்றன. கடலின் ஏற்றவற்றமும் பெரும்பாலான இடங்களில் அரை மீட்டருக்கும் குறைவே.

கொங்கணக் கடலின் இயல்பு வேறு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மால்வன் பக்கத்தில் நீர்மட்டம் ஏறத்தாழ 2 மீட்டர் ஏறி இறங்கும். வடக்கே மும்பாய்ப் பக்கத்தில் அது 4 மீட்டரையும் எட்டும். சரிவு குறைந்த மணற்கரையில் இத்தனை நீர் வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்குகிறது. அதைக் கண்டு ஆழமில்லை என நம்பி உள்ளே செல்வோர்க்குத்தான் ஆபத்து மிகுதி. 2016 பிப்ரவரி 1 அன்று புனேயிலிருந்து முருட் கடற்கரைக்கு உல்லாசப் பயணம் சென்ற கல்லூரி மாணவ மாணவியருள் பன்னிருவருக்கு மேற்பட்டோர் கடலில் மூழ்கி மாண்டனர். அத்துயரத்தை நாம் மறத்தலாகாது.

மால்வனுக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள தார்கர்லி, இக்கரையில் நீராடலுக்குப் பெயர்பெற்றது. புனேயிலிருந்து சாலை வழி 400 கிலோமீட்டருக்கு உட்பட்டதே. கோலாப்பூர் வரை சென்று மலைவழியாக இறங்கலாம். இரயிலில் வருவோர் கொங்கண் இரயில்வேயின் குடால் நிலையத்தில் இறங்குவர். மால்வன் கரைக்கு எதிரே, சத்திரபதி சிவாஜி 1664-ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய சிந்துதுர்க்கக் கடற்கோட்டை நிற்கிறது. அதைச் சூழ்ந்த பாறைகளில் பவழங்கள் வளர்கின்றன. இப்பகுதி 1987-இல் கடல்வாழ் உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

காலமறிந்து செல்லுதல் முதல் விதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றினால் கடல் கொந்தளிக்கும். ஆறுகள் கொணரும் சேற்றினால் நீரும் கலங்கியிருக்கும். மழை ஓய்ந்து சேறு படிந்த பின், நவம்பர் முதல் பிப்ரவரி வரை நீர் தெளிவாகக் காணப்படும். ஏற்றவற்றம் நாள்தோறும் சுமார் 50 நிமிடம் தாமதிப்பதால், நேற்றைய நேரத்தை இன்றைக்குக் கொள்ளலாகாது. அவ்வூர் மீனவரைக் கேட்டறிவது நலம். கர்லி ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் நீரோட்டம் வலியதாகையால், அங்கே நீராடாதிருப்பதே அறிவுடைமை.

நீச்சல் குளத்தில் தேர்ந்தவரும் கடலைப் புதிதாகவே கற்க வேண்டும். கரையேறிய அலைநீர் சில இடங்களில் குறுகிய வழியாகத் திரண்டு கடலுக்குள் விரைந்து மீளும். அதில் அகப்பட்டவர் அதை எதிர்த்து நீந்தினால் களைத்துப் போவார். பதற்றமின்றி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தைக் கடந்து, பின்னரே கரையை நோக்கித் திரும்ப வேண்டும். குழந்தைகள் எப்போதும் பெரியவரின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருத்தல் வேண்டும்.

நீர்க்காட்சி காண்போர் கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து, முகத்தை நீரில் ஆழ்த்தி மிதப்பர். முகமூடி முகத்தோடு நன்கு பொருந்துகிறதா என்பதை முழங்காலளவு நீரிலேயே சோதித்தல் வேண்டும். குழாயில் நீர் புகுந்தால் வேகமாக ஊதி வெளியேற்றும் பழக்கமும் அங்கேயே கைவர வேண்டும். 2022 மே மாதத்தில் தார்கர்லிக்கு அருகே சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருவர் இறந்தனர். ஆகவே மிதவைச் சட்டையின்றிப் படகேறுவதற்கு எவரும் இசையலாகாது. அளவுக்கு மீறி ஆளேற்றிய படகை விட்டுவிடுதலே நன்று.

பவழம் கல்லன்று, சிற்றுயிர்கள் கூடி அமைத்த குடியிருப்பு. ஒரு காலடியில் நொறுங்குவது மீண்டும் வளரப் பல்லாண்டுகள் ஆகும். வெப்பமேறும் கடலினால் அது முன்னமே வெளிறி நலிந்து வருகிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பவழத்துக்குக் காவலளிக்கிறது. ஆதலின் அதன்மீது நில்லாமலும், அதைத் தொடாமலும், ஒடித்து எடுத்துவராமலும் மிதந்து காண்பதே முறை. இவ்வளவையும் புறப்படுமுன் வீட்டிலேயே சிறுவர்களுக்கு எடுத்துரைப்பது பெற்றோர் கடமையாகும்.