“குடியை நிறுத்திட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பினால்

வயிறு வீங்கி, கண் மஞ்சளாகிப் போனவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால், “முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க” என்கிறார்கள். மறுவாழ்வு மையத்துக்குப் போனால், “லிவர் இந்த நிலைமையில இருக்கு, எங்களால பொறுப்பேற்க முடியாது, அதைச் சரி பண்ணிட்டு வாங்க” என்கிறார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவே ஸ்கேன் கவரைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மனைவிமார் எத்தனை பேர்! காசநோய், வலிப்பு, இதயநோய், சர்க்கரை என்று வேறு நோயும் சேர்ந்திருக்கும் குடிநோயாளிகளுக்கு இதுதான் அன்றாடம் நடக்கிறது. 2019-ல் மத்திய சமூகநீதி அமைச்சகம் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைக்கிறது.

“நிறுத்திட்டு வாங்க” என்று சொல்வது எளிது. பல வருடமாகத் தினமும் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் சிலருக்குப் புத்தி பேதலிக்கும். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், இல்லாத ஆளோடு பேசுவார். பேய் பிடித்தது என்று கோயிலுக்குத் தூக்கிப்போவார்கள். கார்த்திகையில் மாலை போட்டுக் குடியை விட்டவர் இரண்டாம் நாள் வலிப்பு வந்து விழுவதும் இதனால்தான். சாமி குற்றம் இல்லை. மதுவுக்குப் பழகிய மூளை அது இல்லாமல் தத்தளிக்கிறது. வலிப்போ பிதற்றலோ வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

சர்க்கரை நோயாளியிடம் இன்னொரு சிக்கல் உண்டு. அவருடைய நடுக்கமும் வியர்வையும் குடி நின்றதால் வந்ததா, சர்க்கரை இறங்கியதால் வந்ததா என்று பார்வையில் சொல்ல முடியாது. குளுக்கோமீட்டரில் பார்த்தே ஆகவேண்டும்.

குடிநோயையும் உடல்நோயையும் சேர்த்தே கவனிக்க மருத்துவத்தில் வழி இருக்கிறது. கல்லீரல் கெட்டிருந்தால், குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கத்துக்கு, உடம்பில் நெடுநேரம் தங்கும் தூக்க மருந்துகளை விட்டுவிட்டு லோராசெபாம் போன்றதை அளந்து கொடுப்பார்கள். குளுக்கோஸ் ஏற்றும்போது தயாமின் என்ற பி-1 வைட்டமினை மறக்கமாட்டார்கள். அது குறைந்தால் மூளை பாதிக்கப்படும். குடி ஆசையைக் குறைக்கும் அகாம்ப்ரோசேட் மாத்திரையைக் கல்லீரல் நோயாளிக்குக் கொடுக்கலாம், ஆனால் சிறுநீரகம் மிகவும் பழுதானவருக்குக் கூடாது. கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கு பாக்லோஃபென் உதவியது என்று 2007-லேயே ஆய்வு வந்துவிட்டது. ஆகவே “லிவரைச் சரி பண்ணிட்டு வாங்க” என்பது சிகிச்சை முறை அல்ல, கைகழுவல்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள். சாம்பாரில், காப்பியில் ரகசியமாக மருந்து கலக்காதீர்கள். குடியை வெறுக்கவைக்கும் டைசல்ஃபிராம் உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் தாறுமாறாகும். இதயநோய் இருப்பவர் இறந்தும் போகலாம். காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிடுபவருக்கு அதோடு டைசல்ஃபிராமும் சேர்ந்தால் மனக்குழப்பம் வரலாம். அவருக்குத் தெரியாமல் மருந்து கொடுக்க உங்களுக்கு உரிமையும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, மது, போதையால் வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் சிகிச்சை பெறுவது 18-ஆம் பிரிவின்படி உரிமை. அவசர சிகிச்சையிலும் ஆம்புலன்ஸிலும் உடல்நோயாளிக்குச் சமமாக நடத்தவேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. “குடிகாரன்தானே” என்று ஓரமாகக் கிடத்துவது இந்தச் சட்டத்துக்கு எதிரானது. எந்தக் காரணத்துக்காகவும் சங்கிலியால் கட்டக்கூடாது. அரசு மருத்துவமனை அவசர சிகிச்சையை மறுப்பது வாழும் உரிமையை மறுப்பது என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே சொல்லிவிட்டது.

வேறு நோயும் இருப்பவரை நேராக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போவதே நல்லது என்பது என் எண்ணம். மனநலப் பிரிவும் பொது மருத்துவமும் ஒரே வளாகத்தில் இருக்கும். தனியார் மையம் என்றால், பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். இரவில் மருத்துவர் இருப்பாரா, வலிப்பு வந்தால் எங்கே கொண்டுபோவீர்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் சேர்க்காதீர்கள்.

சேர்க்க மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் அங்குள்ள பொறுப்பு மருத்துவ அதிகாரியிடம் புகார் கொடுங்கள். தீராவிட்டால் மனநல மறுஆய்வு வாரியம், அதற்கும் மேலே மாநில மனநல ஆணையம். இலவச வழக்கறிஞர் வேண்டுமானால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், எண் 15100. காப்பீட்டில் மது சிகிச்சைக்கு விலக்கு எழுதியிருப்பார்கள். ஆனால் அதைக் காட்டி மதுவோடு தொடர்பில்லாத நோயையும் தள்ளினால் நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் முறையிடலாம்.

எங்கே போவது என்று தெரியாமல் தவிக்கும் இரவில் மனநல உதவிக்கு டெலி மனாஸ் 14416, போதை மீட்புக்கு 14446. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அவர் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். கடைசியாக எத்தனை மணிக்கு, எவ்வளவு குடித்தார் என்பதை ஒரு துண்டுத்தாளில் எழுதி, மறைக்காமல் மருத்துவரிடம் கொடுங்கள். அவர் மருந்தின் அளவைத் தீர்மானிப்பது அதை வைத்துத்தான்.