ஊசி முனையில் ஓர் ஊரின் கதை

ஒரு சேலையை வாங்கிச் செல்பவர் அதன் விலையை அறிவார்; நெய்தவரின் வாழ்வை அறியார். துணி கைமாறிப் போகும்போது நெய்தவரின் கதை தறிக்குழியிலேயே தங்கிவிடுகிறது. தம் வாழ்வையே துணியில் தைத்து உலகின் முன் விரித்த ஒரு கிராமத்துப் பெண்களின் வரலாற்றை நம் அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம்.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில், கெய்ஸ்காமா நதி கடலொடு கலக்கும் இடத்தில் ஹாம்பர்க் என்னும் சிற்றூர் உள்ளது. பெயர் மட்டும் ஜெர்மானியப் பெயர். 1850களில் வந்து குடியேறியோர் இட்டது. வாழ்வோரோ பெரும்பாலும் கோசா மொழி பேசும் மக்கள். இனஒதுக்கல் ஆட்சிக் காலத்தில் இப்பகுதி சிஸ்கை என்னும் தனி ஒதுக்கு நிலத்தைச் சேர்ந்ததாயிருந்தது. உள்ளூரில் பிழைப்பில்லாமையால் ஆடவர் சுரங்கங்களுக்கும் தொலைநகரங்களுக்கும் சென்றனர். பெண்டிரும் முதியோரும் ஊரைக் காத்திருந்தனர்.

2000ஆம் ஆண்டில் கேரல் ஹாஃப்மைர் என்னும் பெண்மணி அங்குக் குடியேறினார். அவர் மருத்துவர், ஓவியக் கலையும் பயின்றவர். ஊர்ப் பெண்களுக்கு வருவாய் தரும் தொழிலொன்று வேண்டுமென எண்ணி, பூத்தையலைக் கற்பிக்க ஏற்பாடு செய்தார். அதுவே கெய்ஸ்காமா கலைத் திட்டத்தின் தொடக்கம்.

தையல் கைவந்தபின் அப்பெண்கள் பெரும்பணி ஒன்றை மேற்கொண்டனர். பிரான்ஸ் நாட்டின் பாயோ நகரில் ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள பழந்துணி ஒன்று உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற கதையைக் கூறுவது அது. நெசவுச் சித்திரம் என்று பெயர் பெற்றிருப்பினும் உண்மையில் அது ஊசிவேலையே. அதனை முன்மாதிரியாகக் கொண்டு ஹாம்பர்க் பெண்கள் தம் நாட்டு வரலாற்றை 120 மீட்டர் நீளத்தில் தைத்தனர். இரண்டிற்கும் ஒரு பெரும் வேற்றுமை உண்டு. பாயோத் துணி வென்றவரின் கதை. கெய்ஸ்காமாத் துணி நிலத்தை இழந்தவர் தாமே கூறிய கதை.

அக்கதையில் உழவர் நெஞ்சை உருக்கும் பகுதி ஒன்றுண்டு. 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷாருடன் நிகழ்ந்த போர்களால் கோசா மக்கள் நலிந்திருந்தனர். கால்நடைகளையும் நுரையீரல் நோய் வாட்டியது. 1856இல் நொங்காவுசே என்னும் இளம்பெண், மாடுகளைக் கொன்று, தானியத்தை அழித்து, விதைப்பையும் நிறுத்தினால் முன்னோர் எழுந்து வந்து நலம் தருவர் என்று அறிவித்தாள். வேறு வழி காணாத மக்களுள் பலர் நம்பினர். ஏறத்தாழ 4,00,000 மாடுகள் மாண்டன. பின்வந்த பஞ்சத்தில் சுமார் 40,000 மக்கள் மடிந்தனர் என்பர். அந்த மக்களின் வழிவந்த பெண்களே இக்கொடுமையைத் தம் ஊசியால் பதிவு செய்தனர். 1994இல் எல்லா மக்களும் வாக்களித்த நாள் வரையில் அத்துணி நீள்கிறது. நாட்டின் நாடாளுமன்றக் கட்டிடத்தில் அது வைக்கப்பட்டது. 2022 ஜனவரியில் அங்கே பெருந்தீ மூண்டபோது, நல்வாய்ப்பாக அத்துணி தப்பியது.

பழங்கதையைத் தைத்தவர்களின் இல்லங்களிலேயே அந்நாளில் மற்றொரு துயரம் புகுந்திருந்தது. எய்ட்ஸ் நோயால் இளைஞர் பலர் மாண்டனர். அரசு மருத்துவமனைகளில் அதற்கான மருந்து வழங்கும் திட்டம் 2004இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெற்ற மக்களைப் புதைத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு பாட்டிமார் தோள்மீது விழுந்தது.

இத்துயரை அவர்கள் 2005இல் ஒரு பெரும் பலிபீடத் திரையாக ஆக்கினர். அதற்கு மாதிரி, 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குரூனேவால்ட் என்னும் ஓவியர் ஒரு மடத்திற்காகத் தீட்டிய ஓவியத் தொகுதி. ரை என்னும் தானியத்தின் கதிரில் பூசணம் பற்ற, அதை உண்டதால் வந்த கொடுநோயாளிகளை அம்மடத்தார் பேணி வந்தனர். நம் கம்புக் கதிரில் காணும் தேனொழுகல் நோயின் பூசணமும் அதற்கு உறவே. பழைய ஓவியத்தில் சிலுவையில் அறையப்பட்ட இயேசு இருந்த நடுவிடத்தில் ஹாம்பர்க் பெண்கள் ஒரு கைம்பெண்ணை நிறுத்தினர். கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து உள்ளே சென்றால், இறுதியில் அவ்வூர்ப் பாட்டிமார் மூவர் பேரப்பிள்ளைகளுடன் நிற்கும் ஆளுயரப் புகைப்படங்கள் காணப்படும். நோயைப் பற்றி வாய்திறக்கவும் நாணிய ஊரில், துணி வாய்திறந்து பேசியது.

இத்தகைய பெரும்படைப்புகள் நாள்தோறும் விலைபோவன அல்ல. பைகளும் தலையணை உறைகளும் தைத்து விற்றே அப்பெண்கள் அடுப்பெரிக்க வேண்டியிருக்கிறது. கலை பசியை முற்றும் தீர்த்துவிடவில்லை. ஆயினும் எவரோ எழுதிய வரலாற்றில் பெயரின்றிக் கிடந்தவர்கள், தம் வரலாற்றைத் தாமே உரைக்கும் நிலையை எய்தினர். ஒருத்தியின் துயரம் பலர் கைபட்டு ஊரின் உடைமை ஆயிற்று. கூட்டுறவு என்பதன் பொருளும் இதுவன்றோ?

நம் சங்கத்துப் பேரேடுகளில் எத்தனை கெஜம், எத்தனை மூட்டை, எத்தனை ரூபாய் என்பவை பிழையின்றி எழுதப்பட்டுள்ளன. நூல் கிடைக்காத காலத்தில் குடும்பம் நடத்திய தாயின் கதையும், மழை பொய்த்த ஆண்டில் விதைநெல்லைக் காத்த பெரியவரின் கதையும் எந்த ஏட்டில் உள்ளன? கூறுவதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுக்கொள்வது நம் கடமையாகும்.