இரட்டைத் தட்டிலிருந்து எழும் லினக்ஸ்

கணினியில் நாம் சேர்த்து வைப்பதெல்லாம் வன்தட்டு என்கிற ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. ஓயாமல் சுழலும் அந்தத் தட்டு என்றாவது ஒருநாள் நின்றுபோகும். ஒரே தகவலை ஒரே சமயத்தில் இரண்டு தட்டுகளில் எழுதி வைத்தால் ஒன்று போனாலும் மற்றது காப்பாற்றும். 1988-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி கட்ஸ் மூவரும், விலை மலிவான பல தட்டுகளைக் கூட்டாக வேலை வாங்கும் முறைகளை வகைப்படுத்திக் கட்டுரை வெளியிட்டார்கள். ‘ரெய்ட்’ என்ற பெயர் அதிலிருந்து பரவியதுதான். அவர்கள் போட்ட வரிசையில் முதலாவது இந்த இரட்டைப் பிரதி. அதனால் ரெய்ட் 1, பேச்சில் ‘மிரர்’.

நம் சங்க நூலகத்தின் புத்தகப் பட்டியலை அன்பர்கள் சிலர் ஞாயிறு ஞாயிறாக உட்கார்ந்து தட்டச்சு செய்து முடித்தது 2005-இல். அத்தனை உழைப்பையும் ஒற்றைத் தட்டை நம்பி விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. தனி ரெய்ட் அட்டை வாங்கச் சங்கத்தில் ஏது பணம்? லினக்ஸ் அதே வேலையை மென்பொருளாகவே, காசில்லாமல் செய்யும். 80 ஜிபி தட்டு இரண்டு வாங்கினோம், வேறு வேறு கடையில். ஒரே பெட்டியிலிருந்து வந்த இரட்டையர் ஒரே வாரத்தில் படுத்துவிடவும் கூடும், பாருங்கள். இரண்டையும் தனித்தனி கேபிளில் மாட்டினேன். அந்தக் கால ஐடிஇ இணைப்பில் ஒரு தட்டு பழுதானால் அதே கேபிளில் இருக்கும் மற்றதையும் முடக்கிவிடுவதுண்டு.

தகவலை மட்டும் இரட்டிப்பது சுலபம். ஆனால் லினக்ஸ் இருக்கும் தட்டு போய்விட்டால், பட்டியல் உயிரோடு இருந்தும் கணினி எழாது. வாசகர் வரிசையில் நிற்பார். ஆகவே கணினியே இரட்டைத் தட்டிலிருந்து எழ வேண்டும். தலைவலி அங்கேதான் ஆரம்பம்.

கெர்னல் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்று பொருள். லினக்ஸின் பருப்பான அதற்குத்தான் இரண்டு தட்டையும் ஒன்றாகப் பார்க்கத் தெரியும். ஆனால் வெளியிலிருந்து வரும் லினக்ஸ் தொகுப்புகளில் அந்த அறிவு கெர்னலோடு ஒட்டியிருப்பதில்லை. மாட்யூல் என்ற தனிக் கோப்பாக வைத்திருப்பார்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது? இன்னும் சேர்க்கப்படாத அதே இரட்டைத் தட்டில்! சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டின கதைதான்.

இதற்காகத்தான் கெர்னலை நாமே கம்பைல் செய்வது. 2.6 கெர்னலின் மூல நிரலை விரித்து, ‘மேக் மெனுகான்ஃபிக்’ என்று அடித்தால் நீண்ட பட்டியல் வரும். ஒவ்வொன்றுக்கும் எதிரே நட்சத்திரம் போட்டால் அது கெர்னலுக்குள்ளேயே சேரும். எம் போட்டால் மாட்யூல். நான்கு இடத்தில் நட்சத்திரம் கட்டாயம்: தட்டைக் கையாளும் சிப்புக்கான டிரைவர், எம்டி என்ற பல்தட்டு ஆதரவு, ரெய்ட் 1, எக்ஸ்ட்3 கோப்பு முறை. ஒன்று விட்டுப்போனாலும் ‘கெர்னல் பேனிக்’ என்று திரையில் எழுதிவிட்டு நின்றுவிடும். பழைய கெர்னலை அழிக்காமல் மெனுவில் வைத்திருக்கச் சொல்வது இதனால்தான். தட்டின் பகுதிகளுக்கு ‘எஃப்டி’ என்ற வகை எண் கொடுத்தால், கெர்னல் எழும்போதே அவற்றைத் தேடிப் பிடித்து ஜோடி சேர்த்துவிடும்.

கெர்னலை நினைவகத்துக்குக் கொண்டுவரும் குரூப்புக்கு மட்டும் இரட்டையைப் பற்றி என்ன தெரியும்? அன்றைய குரூப்புக்கு ஒன்றும் தெரியாது, தெரியவும் வேண்டாம். எம்டியின் பழைய 0.90 வகை அடையாளக் குறிப்பு பகுதியின் கடைசி 128 கிலோபைட்டுக்குள் இருக்கும். முன்பக்கமிருந்து படிக்கிற குரூப்புக்கு ஒவ்வொரு பாதியும் சாதாரணத் தட்டு போலவே தெரியும். படிக்க மட்டும்தானே செய்கிறது, ஆபத்தில்லை. ஆனால் குரூப்பை இரண்டு தட்டின் தலையிலும் நிறுவ வேண்டும். முதல் தட்டு செத்தபின் இரண்டாவதுதான் முதலாவது என்று பயாஸ் சொல்லும். ஆகவே நிறுவும்போதே இரண்டாவதிடம் ‘நீதான் முதல்’ என்று சொல்லிவைக்க வேண்டும். குரூப்பின் ‘டிவைஸ்’ கட்டளை அதற்குத்தான்.

சோதிக்காத மிரர் மிரரே அல்ல என்பது என் கட்சி. கணினியை அணைத்து, முதல் தட்டின் கேபிளைக் கழற்றி, மறுபடி எழுப்பிப் பார்க்க வேண்டும். எம்டிஸ்டாட் கோப்பில் இரண்டு யூ எழுத்து இருந்த இடத்தில் ஒரு யூவும் ஒரு அடிக்கோடும் தெரியும். பிறகு தட்டைப் பூட்டி, எம்டிஏடிஎம் கொண்டு சேர்த்து, ஒத்திசைவு முழுதாக முடியும்வரை பொறுத்து, அப்புறம்தான் அடுத்த தட்டைக் கழற்றலாம். அவசரப்பட்டால் இரண்டு தட்டும் இரண்டு கதை சொல்லும். எது நிஜம் என்று கெர்னலுக்கே குழப்பம் வந்துவிடும்.

இன்றைக்குச் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2010 வாக்கிலிருந்து எம்டிஏடிஎம் இயல்பாகப் போடுவது 1.2 வகைக் குறிப்பு. அது பகுதியின் தொடக்கத்திலேயே, 4 கிலோபைட் தள்ளி இருக்கும். கெர்னல் தானாகத் தேடும் வசதி அதற்குக் கிடையாது. இனிட்ராம்எஃப்எஸ் என்ற சிறு மூட்டையில் எம்டிஏடிஎம்மை வைத்துக் கெர்னலோடு அனுப்ப வேண்டும். குரூப் 2-க்கு ரெய்ட் படிக்கத் தெரியும் என்பது ஆறுதல். யூஇஎஃப்ஐ கணினிகளில் துவக்கப் பகுதியை இரண்டு தட்டிலும் தனித்தனியாக வைத்துக்கொள்வதே எனக்குப் பிடித்த வழி.

இன்னொன்று: தவறுதலாக அழித்த கோப்பு இரண்டு தட்டிலும் அழியும். வாராந்திரப் பிரதி வேறு, மிரர் வேறு.

ஒரு தட்டு போனால் சத்தமே இருக்காது, வேலை நடந்துகொண்டே இருக்கும். அதனால் எம்டிஏடிஎம்மின் கண்காணிப்பு முறையை ஓடவிட்டு, மின்னஞ்சல் வரும்படி செய்திருந்தேன். 2008 பொங்கல் விழா வாரத்தில் அந்த அஞ்சல் வந்தது. மாலையில் புதுத் தட்டு மாட்டினேன். நூலகத்தில் அன்றைக்குப் புத்தகம் எடுத்துப்போன யாருக்கும் விஷயமே தெரியாது.