வெயிலில் வெளுத்த நெகிழி

சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம் போன்ற கெடா பட்டணங்களில் முப்பது, நாற்பது வயதான புரோட்டோன் சாகா மகிழுந்துகளை இன்றும் சாலையில் காணலாம். மிட்சுபிஷி லான்சர் பியோரே என்னும் ஜப்பானிய வாகனத்தை அடிப்படையாகக் கொண்ட சாகா, 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அறிமுகமானது. அத்திட்டத்தை முன்னின்று நடத்திய அன்றைய பிரதமர் மகாதீர் முகமது, கெடாவின் அலோர்ஸ்டாரில் பிறந்தவர். தோட்டப்புறக் குடும்பங்கள் சிலவற்றில் தாத்தாவோ தந்தையோ வாங்கிய முதல் மகிழுந்து அதுதான். 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலுக்கும் அப்படியோர் இடம் உண்டு. விற்க மனம் வராமல் வீட்டு வாசலிலேயே அவற்றை வைத்திருப்பவர்கள் பலர்.

இவ்வாகனங்களின் இயந்திரத்தைப் பட்டறையில் பிரித்துச் சீராக்கலாம். வெளிப்புறத்துக்கு மீண்டும் வண்ணம் பூசலாம். உட்புற நெகிழிப் பலகைகளின் நிலை வேறு. கதவின் உட்பலகை, தூண் உறை, ஓட்டுநருக்கு முன்னுள்ள டேஷ்போர்டு ஆகியவை புதிதாகக் கிடைப்பது அரிது. பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் கடையில் தேடினாலும், அங்குள்ள பலகையும் அதே வெயிலில் அத்தனை ஆண்டுகள் கிடந்து வெளுத்திருக்கும். ஆகவே, கையில் இருப்பதைத் தவறாகத் தேய்த்துக் கெடுத்துவிட்டால் மாற்றுக்கு வழியில்லை.

வெளுத்த பலகையில் அழுக்குப் படிந்துள்ளது என்றோ சாயம் போய்விட்டது என்றோ பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் அங்கே மேற்பரப்பே உடைந்திருக்கிறது. நெகிழி, நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகளால் ஆனது. சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அச்சங்கிலிகளை அறுக்கின்றன; அறுந்த முனைகளில் காற்றிலுள்ள உயிர்வளி சேர்கிறது. ஆண்டுக்கணக்கில் இது தொடரும்போது மேற்பரப்பில் நுண்ணிய விரிசல்கள் தோன்றுகின்றன. அவை ஒளியைச் சிதறடிப்பதால், கருமையான பலகை சாம்பல் பூத்ததுபோல் தெரிகிறது. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதன்று. ரப்பரும் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிதான். வெயிலில் மறந்துபோட்ட ரப்பர் வளையம் பிசுபிசுத்து, பிறகு வெடித்துப் போவதை அவர்கள் பார்த்திருப்பார்கள். ரப்பர்த் தகடுகளைக் கடும் வெயிலில் காயவிடாமல் புகைக்கூடத்தில் உலர்த்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெப்பம் இச்சிதைவை விரைவுபடுத்துகிறது. நண்பகல் வெயிலில் மூடி நிறுத்திய மகிழுந்தின் உட்காற்று 50 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும்; டேஷ்போர்டின் மேற்பரப்பு 70 பாகையைத் தொடலாம். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே நெகிழிப் படலம் வைத்துச் செய்யப்படுவதால், புற ஊதாக் கதிர்களில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. கதவுப் பலகையின் மேல்விளிம்பு முதலில் வெளுப்பது இதனால்தான்.

சீரமைப்பைத் தொடங்குமுன் ஓர் எளிய சோதனை செய்யலாம். வெளுத்த இடத்தை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஈரம் இருக்கும்வரை பழைய நிறம் திரும்பி, உலர்ந்ததும் மறைந்தால், கோளாறு விரிசல்களில் இருக்கிறது. காய்ந்து வெளிறிய செம்மண் சாலை, மழையில் நனைந்ததும் கருஞ்சிவப்பாக மாறுவதைப் போன்றதே இது. நீர் விரிசல்களை நிரப்புவதால் ஒளி சிதறுவது குறைகிறது. கடைகளில் விற்கும் பளபளப்பு எண்ணெய்களும் இதையேதான் செய்கின்றன. அதனால்தான் சில நாளில் பழைய வெளுப்பு திரும்புகிறது. இடையில் பலகையில் தூசி ஒட்டியதுதான் மிச்சம். காலணி மெழுகு பூசுவோரும் உண்டு. அது ஏறி உட்காருவோரின் சட்டையில்தான் நன்றாக ஒட்டும்.

நிலையான பலன் வேண்டுமானால் பலகையைக் கழற்றிச் சாயம் ஏற்ற வேண்டும். அதற்குமுன் அது எவ்வகை நெகிழி என்று அறிவது முக்கியம். பல வாகனங்களில் பலகையின் பின்புறத்தில் பி.பி. அல்லது ஏ.பி.எஸ். என்னும் குறி பொறிக்கப்பட்டிருக்கும். பி.பி. எனப்படும் பாலிபுரோப்பிலீன் தண்ணீரைவிட அடர்த்தி குறைந்தது. அதன் சிறு துண்டு நீரில் மிதக்கும். ஏ.பி.எஸ். மூழ்கும். ஆனால், கனிமத் தூள் கலந்த பி.பி.யும் மூழ்கக்கூடும் என்பதால் குறியை நம்புவதே மேல். இவ்வேறுபாடு ஏன் முக்கியம்? ஏ.பி.எஸ். பலகையில் வண்ணம் எளிதில் பிடிக்கும். பி.பி. பலகையில் எதுவும் ஒட்டாது. அதற்குத் தனி ஒட்டுப் பூச்சை முதலில் அடிக்காவிட்டால், புதிய வண்ணம் சில மாதங்களில் தோலாக உரிந்துவிடும்.

அடுத்தது தூய்மைப்படுத்துதல். பாதி வேலை இதுதான். பல ஆண்டுகளாகப் பூசிய பளபளப்பு எண்ணெய், பலகையின் மேடுபள்ளங்களில் தங்கியிருக்கும். வெதுவெதுப்பான சவர்க்கார நீரும் மென்மையான தூரிகையும் கொண்டு இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். உலர்ந்தபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைக்கலாம். பெட்ரோலும் தின்னரும் கூடாது. அவை சில நெகிழிகளைக் கரைத்துவிடும், தீப்பற்றும் அபாயமும் உண்டு. முரட்டு உப்புத்தாளும் கூடாது. தோல் போன்ற வரிவடிவம் ஒருமுறை தேய்ந்தால் திரும்பாது.

பிறகு நெகிழிக்குரிய சாயத்தை, காற்றோட்டமான நிழலில், முகக்கவசம் அணிந்து, மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும். ஒரே தடித்த பூச்சு வழிந்து, வரிவடிவத்தை மூடிவிடும். நிறத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி உண்டு. திருகு மூடியைக் கழற்றினால், வெயில் படாத அந்தச் சிறுவட்டத்தில் வாகனம் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளின் நிறம் அப்படியே இருக்கும். வண்ணக் கடையில் அதைக் காட்டியே நிறம் கலக்கச் சொல்லலாம். டேஷ்போர்டின் மேற்பரப்புக்கு மட்டும் பளபளப்பில்லாத சாயமே தகும். மினுங்கினால் அதன் பிம்பம் முன்கண்ணாடியில் விழுந்து ஓட்டுநரின் பார்வையைக் கெடுக்கும்.

தொடக்கூடாத இடமும் ஒன்று உண்டு. காற்றுப்பை உள்ள வாகனங்களில், அதை மூடியிருக்கும் பலகை குறிப்பிட்ட கோட்டில் பிளந்து திறக்கும்படி அமைக்கப்பட்டிருக்கும். அங்கே விரிசலை நிரப்புவதோ தடிப்பாகப் பூசுவதோ விபத்தின்போது காற்றுப்பை விரிவதைத் தடுக்கலாம். பூச்சுத் துண்டுகள் பயணியின் முகத்தில் தெறிக்கலாம். தொடக்ககாலச் சாகாவில் காற்றுப்பை இல்லை. பின்னால் வந்த வாகனங்களில் இதைக் கவனித்தே ஆக வேண்டும்.

சாயம் ஏறிய பலகையும் அதே வெயிலைத்தான் சந்திக்கும். புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் தெளிந்த படலத்தைப் பக்கக் கண்ணாடிகளில் ஒட்டலாம். கருமையான படலம் ஒட்டுவோர், முன்கண்ணாடி வழியாக 70 விழுக்காடும் முன்கதவுக் கண்ணாடிகள் வழியாக 50 விழுக்காடும் ஒளி செல்ல வேண்டும் என்னும் 2019ஆம் ஆண்டு விதியை மீறக்கூடாது. ஜனவரி முதல் மார்ச் வரை கெடாவில் மழை குறைந்து வெயில் ஏறும் மாதங்கள். அப்போது முன்கண்ணாடிக்குப் பின்னால் விரித்து வைக்கும் அட்டை மறைப்பு, விலை உயர்ந்த எந்த எண்ணெயையும்விட அதிகம் பயன்தரும்.