வாய் திறக்காத ஆங்கிலம்

தாராவியில் ஒரு டியூஷன் வகுப்பு. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கைடைத் திறந்து வைத்து ஆங்கிலக் கடிதம் ஒன்றை உருப்போடுகிறார்கள். “யாருக்குத் தம்பி இந்தக் கடிதம்?” என்று கேட்டேன். “பரீட்சைக்குண்ணே” என்றான் ஒரு பையன்.

உண்மைதான். மகாராஷ்டிர எஸ்.எஸ்.சி. பரீட்சையில் ஆங்கிலத்துக்கு எழுத்தில் 80 மார்க். பள்ளிக்கூடமே போடும் வாய்மொழி மார்க் 20. மொழிப் பாடங்களுக்கான இந்த 20 மார்க்கை 2018-19இல் நீக்கினார்கள். பாடத்திட்டமும் அந்த ஆண்டு புதிது. 2018இல் 89.41 சதவீதமாக இருந்த தேர்ச்சி, 2019இல் 77.10 ஆகச் சரிந்தது. பெற்றோர் பதறினர். அடுத்த கல்வியாண்டிலேயே அந்த 20 மார்க் திரும்பி வந்துவிட்டது.

மார்க் வந்தது, பேச்சு வந்ததா? சொந்தப் பிள்ளைகளுக்குத் தாராளமாகப் போடும் மார்க்குக்காக யார் பேசப் பழக்குவார்கள்? வகுப்பு நேரமெல்லாம் பழைய வினாத்தாள்களுக்கே போகிறது. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. தேர்ச்சி குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே!

ரயில்வே கவுண்டரில் இருக்கும் எனக்கு இதன் விளைவு தெரிகிறது. ஆங்கிலத்தில் நல்ல மார்க் வாங்கிய பையன், டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்டு நாலு வரி எழுதத் தெரியாமல் பேனாவை என்னிடம் நீட்டுகிறான். வேலைக்கான நேர்முகத் தேர்வில் பேனாவை யாரிடம் நீட்டுவான்?

வாய்மொழித் தேர்வை வேறு பள்ளி ஆசிரியர் வந்து நடத்தட்டும். பரீட்சையில் பேச்சைக் கேட்டால், வகுப்பிலும் பேச்சுக் கேட்கும்.