இயங்குதளத்திற்கும் ஆயுள் உண்டு!

கணிப்பொறியின் உறுப்புகள் அனைத்தையும் ஆட்டிவைக்கும் மென்பொருளே இயங்குதளம். அதற்கும் ஆயுள் உண்டு என்பதை அறிவீர்களா?

விண்டோஸ் எக்ஸ்பிக்கு வழங்கிவந்த பாதுகாப்புத் திருத்தங்களை 2014 ஏப்ரல் 8-ஆம் நாளோடு மைக்ரோசாப்ட் நிறுத்தியது. கணிப்பொறிகள் நின்றுவிடவில்லை, ஆனால் புதிதாகத் தெரியவரும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. ஆகவே, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய 'பாஸ்' லினக்சை நிறுவிக்கொள்ளுமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது.

ஓட்டையால் என்ன கேடு? 2017 மே மாதத்தில் 'வான்னாக்ரை' என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. விண்டோசின் அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் மார்ச் மாதமே வெளிவந்திருந்தது! அதை நிறுவாத கணிப்பொறிகளே அகப்பட்டன.

நிறுவும்போதும் கவனம் வேண்டும். பழைய கோப்புகளின் இடத்தில் புதியவை எழுதப்படும் வேளையில் மின்சாரம் நின்றால், பாதி பழையதும் பாதி புதியதுமாகிக் கணிப்பொறி தொடங்காமலே போகலாம். காட்டுப்பாக்கத்து மழைக்கால மாலைகளில் இது வெறும் கற்பனையன்று! எனவே முதலில் உங்கள் கோப்புகளை வேறிடத்தில் படியெடுங்கள், மின்கலத்தை நிரப்புங்கள், பிறகே தொடங்குங்கள்.

2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-இன் வழக்கமான ஆதரவும் முடிந்தது. உங்கள் பள்ளிக் கணிப்பொறியில் இருப்பது எது? இன்றே பாருங்களேன்!