தண்ணீரும் ஓர் அமானிதமே

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

உயிருள்ள ஒவ்வொன்றையும் தண்ணீரிலிருந்தே படைத்ததாக வல்ல நாயன் தன் திருமறையில் (21:30) அறிவிக்கின்றான். நம் இல்லங்களில் பலர் இரவுதோறும் ஓதி வரும் முல்க் சூராவின் இறுதி வசனத்தில் (67:30) அவனே நம்மை நோக்கி ஒரு வினாவையும் எழுப்புகின்றான். நீங்கள் அருந்தும் நீர் பூமிக்குள் ஆழ்ந்து மறைந்துவிடுமானால், ஓடும் நீரை உங்களுக்குக் கொணர்ந்து தருபவர் யார் என்பதே அவ்வினாவின் கருத்து. நாவினால் பல்லாண்டுகள் ஓதிய இந்த வசனத்தின் பொருளை, 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னை மக்கள் கண்ணாரக் கண்டனர்.

முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் சேர்ந்து 11,257 மில்லியன் கன அடி கொள்ளும். அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அவை அநேகமாக வறண்டே போயின. நாளொன்றுக்கு ஏறத்தாழ 83 கோடி லிட்டராக இருந்த குடிநீர் வழங்கல் 52.5 கோடி லிட்டராகக் குறைக்கப்பட்டது. ஆழ்குழாய்க் கிணறுகளில் காற்றுதான் வந்தது. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து ஐம்பது வாகன்களில் 25 லட்சம் லிட்டர் நீரைச் சுமந்து கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. குடங்களை வரிசையில் வைத்துவிட்டு லாரிக்காக நள்ளிரவிலும் விழித்திருந்த தாய்மார்கள் எத்தனையோ பேர்.

அந்நாட்களில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவிடுமாறு மக்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர். இது வேண்டுகோள்தான். வீட்டுக் குளியலறைக்குள் வந்து பார்ப்பதற்கு எந்த அதிகாரியாலும் இயலாது. அளவு காட்டும் மீட்டர் பொருத்தப்படாத வீடுகளே நகரில் மிகுதி. ஆகவே, எவ்வளவு செலவிடுவது என்பது அவரவர் மனச்சாட்சிக்கே விடப்பட்டது. மனச்சாட்சிக்கு விடப்பட்ட காரியங்களில் மார்க்கம் என்ன கூறுகின்றது என்று அறிய விரும்புவது முஸ்லிமின் இயல்பு. அத்தகைய ஐயங்கள் சிலவற்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். கோடைதோறும் இவை திரும்பத் திரும்ப எழுவன.

வேண்டுகோள்தானே, கட்டாயமில்லையே?

‘சட்டம் போடவில்லை. நான் வரி கட்டுகின்றேன், லாரித் தண்ணீருக்கும் என் கைக்காசைக் கொடுக்கின்றேன். என் விருப்பப்படி செலவிட்டால் என்ன குற்றம்?’ என்பது முதலாவது கேள்வி.

உண்ணுங்கள், பருகுங்கள், ஆயினும் வீண் விரயம் செய்யாதீர்கள் என்ற கட்டளையை (7:31) இறைவன் விதித்தபோது, விலை கொடுத்து வாங்கியதற்கு விலக்கு எதுவும் அளிக்கவில்லை. வீண் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்கள் என்றே குர்ஆன் (17:27) குறிப்பிடுகின்றது. மேலும், தண்ணீரிலும் புல்லிலும் நெருப்பிலும் மக்கள் அனைவரும் பங்காளிகள் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் நவின்றதாக அபூதாவூத் நூலில் ஹதீஸ் பதிவாகியுள்ளது. நாம் கொடுக்கும் காசு லாரிக்கும் குழாய்க்கும் உழைப்புக்குமான கூலியே ஆகும். மழையை இறக்கியதற்கு யாரும் விலை கொடுத்துவிடவில்லை. தெருக்கோடியில் ஒரு குடத்திற்காகக் காத்திருப்பவளுக்கும் அந்த நீரில் பங்கு உண்டு. நாம் வீணே கொட்டுவது அவளுடைய பங்கையே.

விருப்பமாகச் செய்யும் தியாகத்திற்கு ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் வாழ்விலே சீரிய சான்று உண்டு. ஹிஜ்ரி 18ஆம் ஆண்டில் ஹிஜாஸ் பகுதியைக் கொடிய பஞ்சம் வாட்டியது. மண் சாம்பலைப் போல் காய்ந்ததால் அதனைச் ‘சாம்பல் ஆண்டு’ என்றே வரலாறு அழைக்கின்றது. கலீஃபாவாகிய உமர் (ரலி) அவர்கள், மக்கள் வயிறார உண்ணும் நாள் வரும் வரை நெய்யும் இறைச்சியும் உண்பதில்லை என உறுதி பூண்டார்கள். எண்ணெயையே தொட்டுண்டு அவர்களின் மேனி நிறமே மாறிற்று. அவர்களை அவ்வாறு செய்யும்படி கட்டாயப்படுத்த யாரால் இயலும்? மக்களுக்கு இல்லாதது தமக்கும் வேண்டாம் என்ற ஈமானிய உணர்வே அவர்களைக் கட்டுப்படுத்தியது. வேண்டுகோளுக்கு இணங்குவது என்பது இதுவே.

உளூவில் சிக்கனம் செய்தால் நிறைவேறுமா?

இஃது இரண்டாவது ஐயம். சிலருக்குத் தண்ணீர் சளசளவென்று ஓடினால்தான் உளூ நிறைவேறியதாக மனம் ஒப்புகின்றது. நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில் உளூச் செய்ததாகவும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளித்ததாகவும் அனஸ் (ரலி) அவர்கள் அறிவிப்பதை புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கின்றோம். ஷாஃபிஈ மத்ஹபின் கணக்கில் ஒரு முத்து என்பது ஏறத்தாழ முக்கால் லிட்டர். ஹனஃபி மத்ஹபின் கணக்கில் ஏறத்தாழ ஒரு லிட்டர். ஸாஉ என்பது நான்கு முத்து. ஒரு சிறு செம்பு நீரில் உளூவும், கால் வாளி நீரில் குளிப்பும் நிறைவேறின என்பதே இதன் சாரம்.

குளிப்புக்கு ஒரு ஸாஉ போதும் என்று ஜாபிர் (ரலி) அவர்கள் சொன்னபோது, எனக்கு அது போதாது என்றார் ஒருவர். உம்மைவிட அடர்ந்த முடியுடையவரும் உம்மைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமாயிருந்தது என ஜாபிர் (ரலி) அவர்கள் பெருமானாரைக் குறித்து மறுமொழி கூறிய செய்தியும் புகாரியில் உண்டு. இதற்கு மேல் நாம் சொல்ல என்ன இருக்கின்றது?

நம் வீட்டுக் குழாயின் கீழ் ஒரு வாளியை வைத்து, வழக்கம்போல் ஒருமுறை உளூச் செய்து பாருங்கள். வாளியில் நிறைந்திருக்கும் அளவை ஒரு முத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு உபதேசம் தேவைப்படாது. ஒரு பள்ளிவாசலில் ஜும்ஆவுக்கு ஐந்நூறு பேர் வந்து, ஒவ்வொருவரும் ஐந்து லிட்டரை மிச்சப்படுத்தினால், ஒரே வேளையில் இரண்டாயிரத்து ஐந்நூறு லிட்டர் மிஞ்சும். குழாயைச் சிறிதளவே திறப்பதும், தலையை மஸ்ஹு செய்யும்போது மூடி வைப்பதும் இதற்குப் போதுமானவை. செம்பிலோ கெண்டியிலோ அளந்தெடுத்துக்கொள்வது இன்னும் சிறப்பு.

உறுப்புகளை ஒருமுறை கழுவுவதே ஃபர்ளு. மும்முறை கழுவுவது சுன்னத்து. பெருமானார் (ஸல்) அவர்கள் ஒவ்வொரு முறை கழுவியும், இவ்விரு முறை கழுவியும், மும்முறை கழுவியும் உளூச் செய்து காட்டியிருக்கின்றார்கள். ஆகவே பஞ்ச காலத்தில் ஒருமுறையோடு நிறுத்திக்கொள்பவரின் உளூவில் குறை காண இடமில்லை. இருக்கும் நீர் ஃபர்ளுக்கு மட்டுமே போதுமெனில், ஒருமுறையோடு நிறுத்துவது கட்டாயம் என்றே ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. மூன்றுக்கு மேல் போவதோ வரம்பு மீறல் என ஹதீஸ் கண்டிக்கின்றது. ‘நனைந்ததோ இல்லையோ’ என்று ஐயுற்று ஐயுற்று மீண்டும் கழுவுவோர், அது பேணுதலன்று, வஸ்வாஸ் என்பதை உணர வேண்டும்.

பள்ளிவாசல் தண்ணீர்

பள்ளிவாசலின் ஹவுளிலும் குழாயிலும் உள்ள நீர் வக்ஃபுக்குரியது. வீட்டு நீரை விரயம் செய்வதைக் காட்டிலும் அதனை விரயம் செய்வது கடுமையானது. நம் மதரஸாக்களில் ஷாஃபிஈ மாணவர்கள் ஓதி வரும் ஃபத்ஹுல் முயீன் என்னும் நூலில் பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள், சுத்தம் செய்வதற்கென வக்ஃபு செய்யப்பட்ட நீரில் மும்முறைக்கு மேல் கழுவுவது ஹராம் எனக் கூறுகின்றார்கள். சொந்த நீரில் மக்ரூஹ் என்ற அளவில் நிற்பது, வக்ஃபு நீரில் ஹராம் ஆகிவிடுகின்றது. உளூவுக்கென வைக்கப்பட்ட நீரைக் குடங்களில் வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் கூடாது. ஊரார் அனைவருக்கும் பயன்பட வேண்டுமென வக்ஃபு செய்தவர் நிபந்தனை வைத்திருந்தால் மட்டுமே அது ஆகும். நிர்வாகிகள் குடிநீருக்கெனத் தனித் தொட்டி அமைத்து, சாதி மத வேறுபாடின்றி அண்டை அயலார்க்கு வழங்குவது பெரும் நன்மை.

உளூச் செய்து வழிந்த நீரை என்ன செய்வது என்றும் கேட்கப்படுகின்றது. அந்நீர் மீண்டும் உளூவுக்கு ஆகாது. ஆயினும் அது அசுத்தமானதன்று. தென்னைக்கும் வாழைக்கும் பாய்ச்சலாம், கழிவறைக்கு ஊற்றலாம். சாக்கடையில் கலக்கவிடாமல் தனிக் குழாய் வழியே தோட்டத்திற்கோ மழைநீர்க் குழிக்கோ திருப்பிவிடும் பள்ளிவாசல்கள் பாராட்டுக்குரியவை.

தயம்மும் செய்யலாமா?

‘குழாயில் நீர் வரவில்லை, தயம்மும் செய்துகொள்ளட்டுமா?’ என்று சிலர் வினவுகின்றனர். மிச்சப்படுத்தும் நோக்கத்திற்காக மட்டும் தயம்மும் கூடாது. வீட்டுத் தொட்டியில் நீர் இருக்கும்போதும், நியாய விலைக்குக் கிடைத்து அதனை வாங்க வசதியும் இருக்கும்போதும் உளூவே கடமை. இருப்பதோ சிறிதளவு, அதுவும் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் பருகுவதற்கு வேண்டும் என்னும் நிலையில் தயம்மும் ஆகுமானதே. வீட்டில் வளர்க்கும் ஆடு மாடுகளின் தாகத்திற்கும் இதே சட்டம். தொழுகை நேரம் முடிவதற்குள் லாரி வந்துவிடும் என்ற உறுதியிருந்தால் காத்திருப்பதே சிறப்பு. வழக்கமாக நீர் கிடைக்கும் ஊரில் நீரின்றித் தயம்மும் செய்து தொழுத தொழுகையைப் பின்னர் மீண்டும் தொழ வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் சட்டம் என்பதையும் நினைவிற்கொள்க.

அடுத்த வீட்டாரின் தாகம்

எல்லாவற்றிலும் கனமான கேள்வி ஒன்று உண்டு. அதை நாம் கேட்பது அரிது. நம் வீட்டு ஆழ்குழாயில் நீர் வருகின்றது, அடுத்த வீட்டில் வற்றிவிட்டது. நமது பொறுப்பு யாது?

தன் தேவைக்கு மிஞ்சிய நீரை வழிப்போக்கருக்கு மறுத்தவனை மறுமையில் அல்லாஹ் ஏறிட்டும் பாரான் என்ற எச்சரிக்கை புகாரி ஹதீஸில் வந்துள்ளது. கிணற்று நீரில் தன் குடும்பத்தின் தேவைக்கு மேல் இருப்பதைத் தாகித்தோருக்கு மறுக்கலாகாது என்பது ஃபுகஹாக்களின் தீர்ப்பு. பாத்திரத்திலும் லாரியிலும் நிரப்பிய நீரை விற்பது கூடும் என்றாலும், பிறருடைய தவிப்பைக் கண்டு விலையை ஏற்றுவது முஃமினுக்கு அழகன்று. மதீனாவில் ரூமா என்னும் கிணற்றை ஹஜ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கொடுத்து வாங்கி முஸ்லிம்களுக்குப் பொதுவாக்கினார்கள். அதில் அவர்களின் வாளியும் மற்றவர் வாளியும் ஒன்றாயிற்று. ஸாலிஹ் (அலை) அவர்களின் ஒட்டகத்திற்கு ஒரு நாள், சமூகத்தாருக்கு ஒரு நாள் என நீரை முறை வைத்துப் பங்கிட்டதை (26:155) குர்ஆன் சொல்கின்றது. அந்த முறையை மீறிய சமூகம் அழிந்தது. லாரி வரும் தெருவில் வரிசையை மீறி இரண்டு குடம் அதிகம் பிடிப்பவர் இந்த வரலாற்றை ஒருமுறை சிந்திக்கட்டும்.

‘நான் ஒருவன் சேமித்து என்ன பயன்? ஊரே விரயம் செய்கின்றதே!’ என்பாரும் உளர். தாகத்தால் ஈர மண்ணை நக்கிய நாய்க்குத் தம் காலணியில் நீர் முகந்து புகட்டிய மனிதர் மன்னிக்கப்பட்டதை நாம் அறிவோம். அவர் உலகத்துத் தாகம் முழுவதையும் தணித்துவிடவில்லை. தம் கண் முன்னே இருந்த ஒரு தாகத்தைத் தணித்தார். ஊராரின் கணக்கு ஊராருக்கு, நம் கணக்கு நமக்கு. வீட்டில் மீட்டர் இல்லாமலிருக்கலாம். கிராமன் காத்திபீன் என்னும் எழுத்தாளர் இருவர் நம் தோள்களில் இருக்கின்றனர் அல்லவா?

மழைக்காக வேண்டுதல்

பஞ்ச காலத்தில் இரண்டு ரக்அத் தொழுது மேலாடையைத் திருப்பிப் போட்டு மழை வேண்டியது பெருமானார் (ஸல்) அவர்களின் வழிமுறை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துஆவையும் இஸ்திக்ஃபாரையுமே இதற்கு அடிப்படையாகக் கொள்கின்றார்கள். பாவமன்னிப்புத் தேடுங்கள், வானம் மழை பொழியும் என நூஹ் (அலை) அவர்கள் தம் மக்களுக்கு உரைத்ததை நூஹ் சூரா (71:10-11) நமக்கு அறிவிக்கின்றது. ஆனால் துஆவுக்குக் கையேந்திவிட்டு, வீட்டுக்கு வந்து குழாயைத் திறந்துவிடுவது எவ்வாறு பொருந்தும்?

ஒரு ஜும்ஆ நாளில் மழைக்காக நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் துஆ வேண்டப்பட்டது. ஒரு வாரம் இடைவிடாது மழை பெய்தது. மறு ஜும்ஆவில், வீடுகள் இடிகின்றன என்று முறையிடப்பட்டபோது, எங்கள் மீதல்ல, எங்களைச் சுற்றிலும் பொழியட்டும் என்று அவர்கள் துஆ செய்தார்கள். 2015 டிசம்பரில் வெள்ளத்தில் மிதந்த அதே சென்னைதான் 2019இல் குடத்துடன் நின்றது. அன்று வந்த நீரைத் தேக்கி வைக்க நாம் தவறிவிட்டோம். தமிழ்நாட்டில் கட்டடந்தோறும் மழைநீர் சேமிப்பு 2003இல் சட்டமாக்கப்பட்டது. உங்கள் வீட்டில் அக்குழி தூர்ந்து கிடக்கின்றதா என்று இன்றே பாருங்கள். நிஃமத்து வரும்போது பேணாதவர், அது போனபின் புலம்புவதால் பயனில்லை.

தாய்மார்களே! வீட்டின் நீர் உங்கள் கைகளில்தான் இருக்கின்றது. அரிசி களைந்த நீரைச் செடிக்கு ஊற்றுவதும், கசியும் குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்வதும், குழந்தைக்குச் செம்பில் உளூச் செய்யப் பழக்குவதும் சிறு காரியங்களல்ல. இறைவனுக்காகச் செய்தால் அவையும் இபாதத்தே. தம் தாயாரின் பெயரால் கிணறு வெட்டி ஸதக்கா செய்தவர் ஸஅத் இப்னு உபாதா (ரலி) அவர்கள். கிணறு வெட்ட வசதியில்லாத நாமும், வீணாகவிருந்த நீரை மிச்சப்படுத்தி மற்றவருக்கு எட்டச் செய்யலாம்.

அமானிதமாகத் தந்த நீரைப் பேணும் உள்ளத்தையும், பருவந்தோறும் பயன் தரும் மழையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.